யூ.டபிள்யூ.சி.யா, ஊர் இன்டர்நேஷனலா, அரச பாடசாலையா?

கிழக்கிலங்கையில் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடிந்ததும் வீட்டில் நடக்கும் பேச்செல்லாம் பெறுபேறும் பாடப்பிரிவும்தான். பிள்ளை பக்கத்து வாங்கில் யாரோடு இருந்து படிக்கும் என்பது பேச்சிலேயே வராது. அரச பாடசாலை, ஊரில் உள்ள இன்டர்நேஷனல் ஸ்கூல், யூ.டபிள்யூ.சி. எனும் யுனைடெட் வேர்ல்ட் காலேஜஸ் என்ற மூன்று வழிகளையும் அதை வைத்தே பார்க்கிறேன்.

முதலில் அரச பாடசாலை. செலவு குறைவு. உள்ளூர்ப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி என்ற தரப்புள்ளியும் உள்ளூர் ஏ.எல்.லுக்குத்தான் (உயர்தரப் பரீட்சை). ஆனால் அம்பாறை மாவட்டக் கல்வி வலயங்களின் பெயரை வாசித்துப் பாருங்கள்: சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், மகாஓயா, தெஹியத்தகண்டிய. ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் முஸ்லிம், தமிழ், சிங்களம் என்று ஒரே சமூகத்துப் பிள்ளைகள்தான்; எதில் யார் என்று நம்மூர்க்காரருக்குச் சொல்லவே தேவையில்லை. 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி போன்ற பழைய மிஷன் பள்ளிகள் மட்டக்களப்பில் எல்லாச் சமயத்தவரையும் சேர்த்தவை. மொழிமூலமும் (பாடம் நடக்கும் மொழி) சமயமும் பிரித்த பிறகு கலப்பு சுருங்கிவிட்டது. எஞ்சியது இரண்டாம் மொழிச் சிங்களப் பாடம். அதில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளையும் அம்பாறை பஸ் ஸ்டாண்டில் வழி கேட்கத் தடுமாறும்.

அடுத்தது ஊரில் உள்ள இன்டர்நேஷனல் ஸ்கூல். கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவாகி, பெரும்பாலும் லண்டன் பாடத்திட்டத்தில், ஆங்கிலத்தில் நடக்கும். மொழிமூலம் என்ற சுவர் அங்கே இல்லை, அது உண்மையிலேயே பெரிய விஷயம். சரி, ‘இன்டர்நேஷனல்’ எங்கே? பாடத்திட்டத்திலும் பெயர்ப்பலகையிலும். யார் யார் வருகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது கட்டணமும் வேன் போகும் பாதையும்தான். ஆங்கிலம் வேண்டுமென்றால் சேருங்கள். பிற சமூகத்தோடு பழக வேண்டுமென்றால் வகுப்பை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

மூன்றாவது, நம்மூரில் பலருக்குத் தெரியாத யுனைடெட் வேர்ல்ட் காலேஜஸ். நாஜிகளிடமிருந்து தப்பி பிரிட்டனுக்கு வந்த கல்வியாளர் குர்ட் ஹானின் யோசனையில், பனிப்போர்க் காலத்தில், 1962இல் வேல்ஸில் முதல் கல்லூரி தொடங்கியது. பகை நாட்டுப் பிள்ளைகள் பதினாறு, பதினேழு வயதில் ஒன்றாகத் தங்கிப் படித்தால் என்ன என்பதுதான் எண்ணம். நமக்குக் கிட்ட உள்ளது இந்தியாவில் புனேக்கு அருகே, 1997இல் திறந்தது. இரண்டு வருட ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலோரியேட்) டிப்ளோமா, விடுதி வாழ்க்கை. ஒவ்வொரு நாட்டிலும் தேசியக் குழு பிள்ளைகளைத் தெரிவு செய்கிறது. இலங்கைக்கும் குழு உண்டு. உதவித்தொகை குடும்ப வசதியைப் பொறுத்தது. காசு கட்டக்கூடியவர்களுக்குத் தனி வழியும் இருக்கிறது, அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

நம்மை அதிகம் யோசிக்க வைக்கும் கல்லூரி பொஸ்னியாவின் மோஸ்டாரில் இருக்கிறது. தொண்ணூறுகளின் போரில் இரண்டாகப் பிளந்த நகரம் அது. அங்குள்ள பழைய ஜிம்னாசியம் (உயர்நிலைப் பள்ளி) கட்டடத்தில் பொஸ்னியாக், குரோவாத்துப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் வெவ்வேறு பாடத்திட்டத்தில் படிக்கிறார்கள். அதே கட்டடத்தில் 2006இல் யூ.டபிள்யூ.சி. திறந்தபோது அவ்விரு சமூகத்துப் பிள்ளைகளும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்தார்கள். கலப்பு தானாக வரும் என்று காத்திருக்காமல், தெரிவிலேயே திட்டமிட்டுச் செய்கிறார்கள். இந்த ஒன்றில் மற்ற இரண்டும் கிட்டவும் வராது.

இன்னொன்று: ஐ.பி.யில் பள்ளியில் ஆசிரியர் இல்லாத தாய்மொழியின் இலக்கியத்தையும் மேற்பார்வையோடு சுயமாகப் படித்துப் பரீட்சை எழுத ஏற்பாடு உண்டு. ஊர் இன்டர்நேஷனலில் தமிழ் ஒரு ஓரப் பாடமாகிவிடுவதை நினைத்தால் வேடிக்கைதான்.

குறை? இடங்கள் மிகக் குறைவு. இசட் புள்ளி வழியும் கிடையாது. மருத்துவபீடக் கனவுள்ள வீட்டுக்கு அது பெரிய இழப்பு. கூச்சமில்லாமல் பேசும், வீட்டைப் பிரிந்திருக்கக்கூடிய பிள்ளைக்கு யூ.டபிள்யூ.சி.க்கு விண்ணப்பிக்கச் சொல்வேன். மற்றவர்களுக்கு அரச பாடசாலையே போதும், கூடவே ரியூட்டரிக்குக் கொட்டும் காசில் கொஞ்சத்தைப் பேச்சுச் சிங்களத்துக்கு ஒதுக்கலாம். விண்ணப்பிக்க நினைப்பவர்கள் ஓ.எல். பெறுபேறு வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். படிப்பு தொடங்கப் பல மாதங்களுக்கு முன்பே தெரிவு முடிந்துவிடும்.