கச்சேரி சிடிக்களை நகலெடுக்கக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு: 18,500 ரூபாய் போயிற்று

பழைய இசை சிடிக்களை ரிப் செய்து (கணினிக் கோப்பாக எடுத்து), பாடல்களுக்கு நடுவே இடைவெளி விழாமல் புதிய சிடியில் பர்ன் செய்து (எழுதி) தருகிறோம் என்று சொல்லும் கடைகளிடம் பணம் கொடுக்கவிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். என்னிடம் ஒரு கடையில் ஒரு சிடிக்கு 250 ரூபாய் வீதம் 74 சிடிக்களுக்கு 18,500 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, கேட்டதற்கு நேர்மாறான ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். புகார் கொடுக்கவிருப்பதால் பெயரை எழுதவில்லை. திருமண வீடியோ கேசட்டுகளைப் பென் டிரைவில் மாற்றித் தரும் சென்னைக் கடைகளில் ஒன்று என்பது மட்டும் போதும்.

அந்த சிடிக்கள் என் தந்தை பல ஆண்டுகளாகச் சேர்த்தவை. பெரும்பாலானவை நேரடிக் கச்சேரிப் பதிவுகள். சில தட்டுகள் திக்கத் தொடங்கிவிட்டதால், தரம் குறையாமல் ஒலியைச் சேமிக்கும் ஃப்ளாக் கோப்புகளாக ஒரு பிரதியும், அவருடைய பழைய ப்ளேயரில் கேட்பதற்குப் புதிய ஆடியோ சிடிக்களாக ஒரு பிரதியும் வேண்டுமென்று கேட்டேன். கடைக்காரர் பகுதிகள் இடைவிடாமல் தொடரும் ஒரு ராகம் தானம் பல்லவி சிடியைத் தாமே எடுத்துப் போட்டு, தானம் முடிந்து பல்லவி தொடங்கும் இடத்தை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு, "இந்த இடத்தில் வெட்டு விழக் கூடாது, அதுதானே சார் உங்கள் கவலை? நானும் கச்சேரி கேட்கிறவன்தான்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் 18,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

வந்த சிடியைப் போட்டதும் வயிறு எரிந்தது. தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் ஒரு டிராக். அது முடிந்து பாடகர் மீண்டும் பாட்டை எடுப்பது அடுத்த டிராக். மிருதங்கத்தின் கடைசிக் கோர்வை (முடிவுத் தாளக்கோவை) மூன்றாம் முறை வந்து, பாட்டு தொடங்கும் எடுப்பில் விழ வேண்டிய அந்தக் கணத்தில் இரண்டு நொடி மயான அமைதி. தாளம் போட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. ஒரு கச்சேரியின் உச்சத்தை இப்படி அறுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றால், இவர்கள் ஒரு சிடியையாவது கேட்டுப் பார்த்திருப்பார்களா?

தொலைபேசியில் கேட்டபோது முதலில் "உங்கள் ப்ளேயரில் கோளாறு" என்றார்கள்; மூல சிடி அதே ப்ளேயரில் தடையின்றி ஓடுகிறது என்றதும் "பர்ன் செய்தால் இரண்டு நொடி வரத்தான் செய்யும், அது டெக்னாலஜி" என்றார்கள். இது பச்சைப் பொய். ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியாக எழுதி லேசரை நிறுத்தும் 'டிராக் அட் ஒன்ஸ்' முறையில்தான் அந்த இரண்டு நொடி விழுகிறது. தட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும் 'டிஸ்க் அட் ஒன்ஸ்' முறையைத் தேர்ந்தெடுத்து இடைவெளியைச் சுழியம் என்று வைத்தால் அது விழாது. இலவச மென்பொருள்களிலேயே இருக்கும் வசதி இது.

இதைச் சொன்ன பிறகு வேண்டா வெறுப்பாக ஒரு சிடியை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு நொடி போயிருந்தது. ஆனால் டிராக் மாறும் ஒவ்வொரு இடத்திலும் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவான ஒரு விக்கல் மிச்சமிருந்தது. அப்போதுதான் சந்தேகம் வந்து, அவர்கள் கொடுத்த ஃப்ளாக் கோப்பையும் மூல சிடியிலிருந்து நானே ரிப் செய்த அதே டிராக்கையும் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து, எந்த அதிர்வெண் வரை ஒலி இருக்கிறது என்று காட்டும் அலைமாலையைப் பார்த்தேன். என்னுடையதில் 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி இருக்கிறது. அவர்களுடையதில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சுவர் எழுப்பியது போல் ஒன்றுமே இல்லை. கோப்பைச் சிறிதாக்க உயர் ஒலிகளை இப்படி வெட்டிவிடுவது எம்பி3தான். அந்த எம்பி3யாக ரிப் செய்து, அதையே ஃப்ளாக் என்று மாற்றி, அதிலிருந்தே சிடியையும் எழுதியிருக்கிறார்கள். எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் (ஒலியின் நுண்ணிய அளவீடுகள்) கொண்ட துண்டுகளாகச் சுருக்குவதால் டிராக்கின் முன்னும் பின்னும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்கிறது. அதை வெட்டாமல் அப்படியே விரித்து எழுதினால் விக்கல் வராமல் என்ன செய்யும்?

ஆதாரப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் "முதலாளி வெளியூர்", "ஆபரேட்டர் வேலையை விட்டுப் போய்விட்டான்". கடைசியில் கல்லாவில் இருந்த பையன் ரசீதின் அடியில் எறும்பு போல் அச்சிட்டிருந்த 'பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்ற வரியை விரலால் தட்டிக் காட்டினான். 18,500 ரூபாய்க்கு அந்த ஒரு வரிதான் பதில்.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. டிராக்குகள் தொடர்ந்து ஓடும் ஒரே ஒரு சிடியை முதலில் கொடுத்து, திரும்பி வந்ததை டிராக் மாறும் இடங்களில் கேட்டுப் பாருங்கள். எம்பி3 வழியாகப் போகக் கூடாது, டிஸ்க் அட் ஒன்ஸ் முறையில் எழுத வேண்டும் என்ற இரண்டையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். இதே போல் ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. நான் மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.