லிபர்ட்டி, பஃபலோ, ஜெஃபர்சன்: பழைய அமெரிக்க நிக்கலில் விலை எங்கே இருக்கிறது?

'நிக்கல்' எனப்படும் பழைய அமெரிக்க ஐந்து சென்ட் காசு ஒரு டப்பா நிறையக் கிடைத்தால் எல்லோரும் முதலில் ஆண்டைத்தான் தேடுவார்கள். அடுத்து, அந்த ஆண்டில் எத்தனை அச்சடித்தார்கள் என்று பார்ப்பார்கள். இரண்டும் பாதி விடைதான். லிபர்ட்டி (1883–1912), பஃபலோ (1913–1938), ஜெஃபர்சன் (1938 முதல்) மூன்றும் ஒரே 5 கிராம் எடை. போர்க்கால ஜெஃபர்சன் தவிர, 75% செம்பு, 25% நிக்கல். ஆனால் விலை ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது.

மதிப்பிடச் சுலபமானது லிபர்ட்டி. பெண் தலையின் பட்டையில் 'லிபர்ட்டி' என்று ஆங்கிலத்தில் ஏழு எழுத்துகள் இருக்கும். ஒன்றுமே தெரியாவிட்டால் காசின் கிரேடு, அதாவது தேய்மானத் தரம், 'குட்'; குறைந்தது மூன்று எழுத்து தெரிந்தால் 'வெரி குட்', ஏழையும் படிக்க முடிந்தால் 'ஃபைன்'. 1883-ல் முதலில் வந்த காசின் பின்புறம் ரோமன் ஐந்து மட்டும் இருந்தது, 'சென்ட்ஸ்' என்ற சொல் இல்லை. தங்க முலாம் பூசி ஐந்து டாலர் என்று ஏமாற்றியவர்களால் அந்தச் சொல்லைப் பிறகு சேர்த்தார்கள். சொல் இல்லாத காசு அபூர்வம் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அதை அப்போதே மக்கள் பத்திரப்படுத்திவிட்டதால் சொல் உள்ள 1883-ஐவிட அதுதான் மலிவு. 1912-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அடித்தது வெறும் 2,38,000. 1885-ல் பிலடெல்ஃபியாவில் அடித்தது 14 லட்சத்துக்கும் மேல். ஆனாலும் தேய்ந்த நிலையில் 1885-க்கே விலை அதிகம். வரிசை 1912-ல் முடிந்தாலும் 1913 என்று பொறித்த லிபர்ட்டி உலகில் ஐந்து தெரிய வந்துள்ளன; டப்பாவில் கிடைத்தது ஆறாவதாக இருக்காது.

பஃபலோதான் ஆளைக் குழப்பும். ஆண்டு பொறித்த இடம் முன்புறச் செவ்விந்தியரின் தோளில் மேடாக இருப்பதால் முதலில் தேய்வது அதுவே. ஆண்டு போன காசில் 'நிக்-எ-டேட்' போன்ற அமிலச் சொட்டு விட்டால் எண் தெரியும். கூடவே சொரசொரப்பான கறையும் நிரந்தரமாக விழும். அப்படி மீட்ட காசு அரிய ஆண்டாகவே இருந்தாலும் அதே ஆண்டின் நல்ல காசு விலையில் சிறு பங்கே தேறும்.

கிரேடுக்குப் பின்புற எருமையின் கொம்பைப் பார்ப்பார்கள்: முக்கால் கொம்பு 'ஃபைன்', முழுக் கொம்பு 'வெரி ஃபைன்'. சிக்கல் 1920-களின் டென்வர், சான் ஃபிரான்சிஸ்கோ காசுகளில். அவற்றில் பல அடிக்கும்போதே சரியாகப் பதியவில்லை. 1926 டென்வர் இதற்குப் பேர் போனது. கொம்பு மழுங்கியிருந்தும் உருவம் இல்லாத வெறும் பரப்பில், காசைச் சாய்க்கும்போது மினுமினுப்பு சுழன்றால் அது தேய்மானம் அல்ல, பலவீனமான அச்சு. கொம்பை மட்டும் பார்த்து விற்றால் நஷ்டம் விற்பவருக்குத்தான்.

1937 டென்வரின் மூன்று கால் எருமையில் போலி ஏராளம். அச்சை அளவுக்கு மீறி மெருகேற்றியதில் முன்னங்கால் ஒன்று அழிந்து குளம்பு மட்டும் நின்றது. உண்மையான காசில் வயிற்றுக்குக் கீழிருந்து தரை நோக்கி மேடான புள்ளிகள் வளைந்து இறங்கும். பின்னங்காலும் செல்லரித்தாற்போல மெலிந்திருக்கும். சாதாரணக் காசில் காலைச் சுரண்டியவர் அந்தப் புள்ளிகளை உண்டாக்கியிருக்க மாட்டார். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் சுரண்டல் கோடு தெரிந்துவிடும்.

ஜெஃபர்சனில் பெரும்பாலானவை ஐந்து சென்ட் மட்டுமே பெறும். விதிவிலக்கு, 1942-ன் பிற்பகுதி முதல் 1945 வரை வந்த போர்க்கால நிக்கல்: 35% வெள்ளி, அதாவது காசுக்கு 1.75 கிராம். பின்புற மாளிகையின் குவிமாடத்துக்கு மேல், அடித்த நாணயச்சாலையைக் குறிக்கும் பெரிய எழுத்து இருந்தால் அதுதான். தேய்ந்திருந்தாலும் அன்றைய வெள்ளி விலைப்படி கணக்குப் போடலாம். அந்த எழுத்தே இல்லாத 1944 கள்ளக் காசு. ஹென்னிங் என்பவர் அடித்தது.

புதுக்கருக்கு மாறாத ஜெஃபர்சனில் விலை மாளிகைப் படிக்கட்டில் இருக்கிறது. ஐந்து அல்லது ஆறு படிகள் உடையாமல் ஓட வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது மூன்றாவது தூணுக்குக் கீழே. பெரும்பாலும் படி அங்கேதான் மங்கும். 1950 டென்வர் 26 லட்சம் மட்டுமே அடிக்கப்பட்டும் மலிவு, காரணம் அதைச் சுருள் சுருளாகப் பதுக்கினார்கள். 1953 சான் ஃபிரான்சிஸ்கோ 1.9 கோடி அடிக்கப்பட்டும் முழுப்படியோடு விரல்விட்டு எண்ணுமளவுக்கே கிடைக்கிறது.

விலைப்பட்டியலில் வரும் தொகை கடைக்காரர் விற்கும் விலை, வாங்கும் விலை அல்ல. முடிந்த ஏலங்களில் அதே ஆண்டு, அதே எழுத்து, அதே கிரேடு எவ்வளவுக்குப் போனது என்று பார்ப்பதே மேல். காசுக்குக் கிரேடு போடும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசிக்கு அனுப்பினால் கிரேடிங் கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் உண்டு. தேய்ந்த சாதாரண லிபர்ட்டிக்கும் போர்க்கால நிக்கலுக்கும் அது கட்டுப்படியாகாது. மூன்று கால் எருமை, 1885, முழுப்படி ஜெஃபர்சன் ஆகியவற்றுக்குக் கட்டாயம் அனுப்பலாம். அனுப்பும் முன் துடைக்கக் கூடாது: தேய்த்த காசைக் கண்டுபிடித்து 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி, கிரேடு எண் இல்லாமலே திருப்பி அனுப்புவார்கள்.