பழைய விண்டோஸ், புதிய போர்டு: எந்தக் கருவி எழுப்பும்?

ஏப்ரல், மே மாதங்களில் மாலை நாலு மணிக்கு மேல் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வானம் கறுத்தால், மறுநாள் காலை கடைக்கு இரண்டு கம்ப்யூட்டராவது வந்துவிடும். நான் பார்த்தவரை, பிளக் வழியாக இறங்கும் இடியைவிட மோடம் வழியாக இறங்குவதுதான் அதிகம். போன தடவை வந்தது தோட்டத்து மாரியம்மன் கோயில் கணக்குப் பெட்டி. ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) ஐயா ஒருவர் மோட்டார் சைக்கிள் பின்னால் ரஃபியா கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்ததுமே கருகல் வாடை. மதர்போர்டில் லேன் வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்துச் சிப்பில் மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை.

"தம்பி, உள்ள இருக்கிற கணக்கு போச்சா?"

"டிஸ்க் நல்லா இருக்கு ஐயா. போர்டுதான் போச்சு."

"அப்ப வேற கம்ப்யூட்டர்ல அப்படியே போட்டுக் குடு."

கோப்புகளை மட்டும் எடுத்துத் தருவது சின்ன வேலை. ஆனால் கோயில் சந்தாவுக்கு ரசீது போடும் நிரலை எழுதியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அதை நிறுவும் சிடியும் இல்லை. அதனால் விண்டோஸை, அதில் உள்ள நிரல்களோடும் அமைப்புகளோடும் சேர்த்து, இமேஜ், அதாவது டிஸ்க்கின் முழு நகல், எடுத்து இன்னொரு கம்ப்யூட்டரில் இறக்க வேண்டியிருந்தது. இந்த வேலைக்கு நான் பயன்படுத்தியிருக்கும் கருவிகளைத்தான் இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இமேஜ் எடுப்பதில் எல்லாக் கருவிகளும் கிட்டத்தட்ட சமம்தான். எடுத்ததைப் பழக்கமில்லாத போர்டில் எழுப்பும்போதுதான் வித்தியாசம் தெரியும். விண்டோஸ் தொடங்கும் அந்த முதல் சில நொடிகளில் டிஸ்க்கைப் படிக்க ஒரு டிரைவர், அதாவது வன்பொருளை இயக்கும் சிறு நிரல், வேண்டும். டிஸ்க்கோடு பேசும் சாதாரண முறைகளான ஏஎச்சிஐ, என்விஎம்இ இரண்டுக்கும் டிரைவர்கள் விண்டோஸ் 10-இலேயே இருக்கின்றன. ஆனால் பழைய கம்ப்யூட்டரில் தேவைப்படாத டிரைவரை விண்டோஸ் தூங்கவைத்திருக்கும். புது போர்டுக்கு அந்த டிரைவர்தான் வேண்டும் என்றால், நீலத்திரையில் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று வந்து நின்றுவிடும். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல லேப்டாப்களில், டிஸ்க்கைத் தன் வழியாக இயக்கும் விஎம்டி என்ற ஏற்பாடும் சேர்ந்துகொள்ளும். அதற்கான டிரைவர் விண்டோஸ் 10-இல் கிடையாது, தனியாகத்தான் சேர்க்க வேண்டும். அல்லது பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் அமைப்புத் திரையில்) விஎம்டியை அணைக்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கோயில் பெட்டிக்கு நான் முதலில் எடுத்தது குளோன்சில்லா. தைவானில் உருவான இலவசக் கருவி. யுஎஸ்பியிலிருந்து லினக்ஸாக எழும்பி, டிஸ்க்கில் பயன்பட்ட பகுதியை மட்டும் நகல் எடுக்கும். வேகம், நம்பகம் இரண்டிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டு இடத்தில் கைவிட்டது. பழைய டிஸ்க் 500 ஜிபி, ஈப்போவிலிருந்து வாங்கிவந்த பழைய அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்தது 240 ஜிபி எஸ்எஸ்டி. உள்ளே இருந்த தகவல் 70 ஜிபிகூட வராது. இருந்தாலும் சின்ன டிஸ்க்கில் குளோன்சில்லா இறக்காது. முதலில் டிஸ்க்கின் பிரிவான பார்ட்டிஷனைச் சுருக்கிவிட்டுத்தான் இமேஜ் எடுக்க வேண்டும். அப்படிச் சுருக்கி, எடுத்து, இறக்கி முடிப்பதற்குள் கடை மூடும் நேரமாகிவிட்டது.

இறக்கிய பிறகு நீலத்திரை. டிரைவரைச் சரிசெய்யும் வசதி எதுவும் குளோன்சில்லாவில் இல்லை. எடுத்ததை எடுத்தபடி வைக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. மீதியை நானே செய்தேன். விண்டோஸ் நிறுவும் யுஎஸ்பியைப் போட்டு மீட்புப் பகுதிக்குப் போய், கட்டளைத் திரையில் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை ஓட்டினேன். பழைய பெட்டி பழைய பயாஸ் முறையில் எழும்பியது, புதியதோ அதற்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ முறையை மட்டும்தான் ஏற்கும். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து இந்தக் கருவி கூடவே வருகிறது, தகவலை அழிக்காமல் டிஸ்க் அமைப்பை மாற்றித் தரும். அப்புறம் பயாஸில் டிஸ்க் முறை ரெய்டு என்று இருந்ததை ஏஎச்சிஐ ஆக்கினேன். பிசிடிஎடிட் கட்டளையால் அடுத்த தொடக்கத்தை, அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றும் சேஃப் மோடுக்குத் திருப்பினேன். சேஃப் மோடில் ஒருமுறை எழும்பினால் தூங்கிக்கொண்டிருக்கும் டிரைவர்களை விண்டோஸ் தானே எழுப்பிக்கொள்ளும். எழும்பியதும் அந்தத் திருப்பத்தை நீக்கிவிட்டால் வழக்கம்போல் தொடங்கும். இப்படிச் செய்து முடிக்க எனக்கு இரண்டு மாலை ஆனது.

டிரைவரைச் சரிசெய்யும் அந்த வேலையை மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற கருவியின் ரீடிப்ளாய் வசதி தானே பார்க்கும். இமேஜை இறக்கியதும் புது போர்டின் டிஸ்க் கன்ட்ரோலரைக் கண்டுபிடித்து, அதற்குரிய டிரைவர் விண்டோஸில் இருக்கிறதா என்று பார்த்து இயக்கிவிடும். இல்லையென்றால் டிரைவர் ஃபோல்டரைக் காட்டச் சொல்லும். பெரிய டிஸ்க் இமேஜைச் சின்ன எஸ்எஸ்டியில் இறக்கும்போது பார்ட்டிஷனை மௌஸால் இழுத்துச் சுருக்கலாம். பூட் சிக்கலைச் சரிசெய்ய மீட்பு யுஎஸ்பியிலேயே தனி மெனு உண்டு. மீட்புத் திரையில் தெளிவு என்று பார்த்தால் இதுதான் என் கையில் முதலிடம். விலைதான் யோசிக்க வைக்கிறது. இலவசப் பதிப்பு 2024 ஜனவரி 1-உடன் முடிந்துபோனது, இப்போது சந்தா. மாதம் நாலைந்து பெட்டி பார்க்கும் கடைக்கு அது கட்டுபடியாகும். வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை மாற்றுகிறவர் 30 நாள் சோதனைப் பதிப்பை வைத்தே முடித்துக்கொள்ளலாம்.

அக்ரோனிஸும் காசு கொடுத்து வாங்குவதுதான். அதில் யுனிவர்சல் ரீஸ்டோர் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கெனத் தனி பூட் யுஎஸ்பி தயாரிக்க வேண்டும். முதலில் இமேஜை இறக்கி, பிறகு அதில் எழும்பி டிரைவர் சேர்க்க வேண்டும். நடக்கிறது, ஒரு படி கூடுதல் என்பதைத் தவிர எனக்கு வேறு சொல்ல இல்லை.

இலவசமாக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது சொல்வது வீம் ஏஜென்ட்டின் இலவசப் பதிப்பு. நிறுவனங்களுக்காகச் செய்த கருவி என்பதால் திரைகள் கொஞ்சம் மிரட்டும். ஆனால் வெற்றுக் கம்ப்யூட்டரில் முழுதாக இறக்குவது, டிரைவரை ஏற்றி அதையே மீட்ட விண்டோஸுக்குள்ளும் சேர்ப்பது இரண்டும் காசில்லாமல் கிடைக்கின்றன. ஒரு விஷயம், கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே இதை நிறுவி பேக்கப் எடுத்திருக்க வேண்டும். கிராணி ஐயாவைப்போல் இடி விழுந்த பிறகு வருகிறவருக்கு இது உதவாது. அப்போது டிஸ்க்கைக் கழற்றி குளோன்சில்லாவிலோ மேக்ரியத்தின் மீட்பு யுஎஸ்பியிலோதான் இமேஜ் எடுக்க வேண்டும்.

விண்டோஸின் கன்ட்ரோல் பேனலிலேயே இருக்கும் சிஸ்டம் இமேஜை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2017-லேயே அதன் மேம்பாட்டை நிறுத்திவிட்டது. டிஸ்க் சின்னதானால் இறக்காது. பழைய பயாஸில் எடுத்ததை யுஇஎஃப்ஐ பெட்டியில் வைத்தாலும் மறுத்துவிடும்.

சிஸ்பிரெப் வேறு ரகம். இமேஜ் எடுப்பதற்கு முன் விண்டோஸிலிருந்து வன்பொருள் அடையாளத்தைத் துடைத்துவிடும் மைக்ரோசாஃப்ட்டின் கருவி அது. தமிழ்ப்பள்ளி கணினி அறைக்கு ஒரே இமேஜை இருபது பெட்டியில் இறக்க வேண்டுமானால் அதுதான் சரியான வழி. பல ஆண்டு பழகிய ஒரு தனிக் கம்ப்யூட்டரில் ஓட்டினால், ஸ்டோர் ஆப் ஏதாவது ஒன்றில் முட்டி பாதியில் நிற்கும். அப்படியே முடிந்தாலும் சில அமைப்புகள் மாறிப்போகும். ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் முன்னதாக ஒரு முழு இமேஜ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவியானாலும் சில சிக்கல்கள் பொது. டிஸ்க்கை விண்டோஸின் மறையாக்கப் பூட்டான பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் இமேஜ் எடுக்கும் முன் திறந்துவிடுங்கள். போர்டு போன பிறகு திறக்க 48 இலக்க மீட்பு எண் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து வைப்பது நல்லது. உரிமத்தைப் பொறுத்தவரை, கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் அந்த போர்டோடு கட்டியது, இமேஜோடு உரிமம் கூட வராது. தனியாக வாங்கிய ரீடெய்ல் பதிப்பை மாற்றிக்கொள்ளலாம். போர்டு அடையாளத்தைப் பார்த்துத் திறக்கும் கணக்கு மென்பொருள்களும் திரும்ப ஆக்டிவேஷன் கேட்கும். அவற்றுக்குப் பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே உரிமத்தை விடுவித்து வையுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதனால் 11-க்கு மாற வேண்டும் என்றும் பலர் கேட்கிறார்கள். முதலில் 10-ஐ அப்படியே புதுப் பெட்டியில் எழுப்புங்கள், ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் மேலேயே 11-க்கு உயர்த்துங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால், ஏதாவது தகராறு வரும்போது எதனால் வந்தது என்றே பிடிபடாது.

கோயில் பெட்டி எழும்பியதும் ஐயா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போன தைப்பூச உபயக் கணக்கைத் திறந்து வரி வரியாகப் பார்த்தார். எல்லாம் இருந்தது. ரசீதுதான் அடிக்கவில்லை. அந்த நிரல் எல்பிடி1 என்ற பழைய பேரலல் பிரிண்டர் போர்ட்டுக்குத்தான் அச்சு அனுப்பும், புதுப் பெட்டியிலோ அந்த போர்ட்டே கிடையாது. யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் ஒன்றைப் போட்டு, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை ஷேர் செய்து, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1-ஐ அந்த ஷேருக்குத் திருப்பினேன். பிரிண்டர் கிரீச்சிட்டுக்கொண்டு முதல் ரசீதை அடித்தது. ஐயா அதைக் கிழித்து, எண்ணைச் சரிபார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இமேஜ் இருந்த வெளி டிஸ்க்கையும் கையோடு வாங்கிக்கொண்டு போய்க் கோயில் இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டார்.