ஏப்ரல் மாதப் பனிப்பாதை: கேதார்காந்தாவா, தயாரா புக்யாலா?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காட்பாடியில் ரயிலேற முடியும் என்பதால், பனி பார்க்க விரும்பும் வேலூர்க் குடும்பங்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் ஏப்ரலின் பின்பாதிதான். அந்த நாட்களில் அவர்கள் முன் வரும் பெயர்கள் இரண்டு: உத்தரகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் சுமார் 12,500 அடி உயரமுள்ள கேதார்காந்தா சிகரம், அதே மாவட்டத்தில் 11,000 அடிக்கு மேல் விரிந்து கிடக்கும் தயாரா புக்யால் என்னும் புல்வெளி. இரண்டிலும் நடந்தவன் என்ற முறையில், முதன்முறை செல்வோருக்குத் தயாராவையே நான் சொல்வேன். காரணம் அழகில் இல்லை, ஏப்ரல் மாதப் பனியின் குணத்தில் இருக்கிறது.

டிசம்பர் மாதப் பனி நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். வசந்தகாலப் பனியோ பகலில் உருகி, இரவில் மீண்டும் உறைந்து, கல்லுப்பைப் போலப் பரல் பரலாகிவிடுகிறது. விடியற்காலையில் அதன்மேல் நடந்தால் காலடியில் நொறுநொறுவென்று சத்தம் கேட்கும், ஆனால் பாதம் புதையாது. வெயில் ஏறி நண்பகல் நெருங்கும்போது அதே பனி, கோடையில் வறண்ட பாலாற்று மணலைப் போல, ஓரடி வைத்தால் அரையடி பின்னுக்கு இழுக்கும். பாலாற்றில் கணுக்கால்வரை புதையும் கால், இங்கே முழங்காலுக்கு மேலும் புதையும். இரவில் வானம் தெளிவாக இருந்தால் பனி நன்றாக இறுகும். மேகம் மூடியிருந்தால் தரையின் வெப்பம் வெளியேறாமல் தங்கிவிடுவதால், காலையிலேயே பனி இளகிக் கிடக்கும்.

கேதார்காந்தாவின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அடிவாரக் கிராமமான சாங்க்ரியிலிருந்து ஜூடா கா தாலாப் ஏரி வரையிலான காட்டுப்பாதையில் அப்போது பனியைவிடச் சேறும் ஈரச் சருகுமே அதிகம். உண்மையான பனி, கடைசி முகாமுக்கு மேலே, உச்சிக்குச் செல்லும் செங்குத்தான சரிவில்தான் எஞ்சியிருக்கும். இருட்டில் ஏறினால் இறுகிய பனியில் வழுக்கும் அபாயம். தாமதித்து இறங்கினால் இளகிய பனியில் புதையும் தொல்லை. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. நாங்கள் சென்றபோது உச்சியில் ஸ்வர்காரோகிணி, பந்தர்பூஞ்ச் சிகரங்களைப் பார்த்தபடி அதிக நேரம் நின்றுவிட்டோம். பத்தரை மணிக்கு இறங்கும் வழியில், ஒரு பாறையை ஒட்டிக் கால் வைத்த நண்பர் தொடைவரை உள்ளே போனார். வெயிலில் சூடேறும் பாறை தன்னைச் சுற்றியுள்ள பனியை அடியிலிருந்து உருக்கிப் பள்ளமாக்கிவிடும் என்பதும், மேலே மெல்லிய மூடி மட்டுமே மிஞ்சும் என்பதும் எங்களுக்கு அன்றுதான் புரிந்தது. முழந்தாள் தோல் உரிந்ததோடு அவர் தப்பினார். பத்து வயதுப் பிள்ளை அந்த இடத்தில் கால் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை.

தயாராவில் அப்படிப்பட்ட சரிவு வழியில் குறுக்கிடுவதில்லை. ரைத்தல் கிராமத்திலிருந்து ஏறும் காட்டுவழி தொடக்கத்தில் மூச்சு வாங்க வைக்கும், நிழல் விழும் வளைவுகளில் பழைய பனி கண்ணாடிபோல் இறுகியும் கிடக்கும்; ஆனால் மரங்கள் முடிந்து புல்வெளி திறந்ததும், மெல்ல ஏறி இறங்கும் மேடுகள்தான். அங்கே விழுந்தால் உட்கார்ந்த நிலையில் சில அடி சறுக்கி நிற்போம். சிகரம் தொட்ட நிறைவு கிடைக்காது என்பது உண்மை. வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் பனி திட்டுத்திட்டாக மட்டுமே இருக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் வழியெங்கும் செக்கச்செவேலென்று பூத்திருக்கும் புராஞ்ச் மரங்கள் அந்தக் குறையில் பாதியைத் தீர்த்துவிடும்.

தயாராவுக்கும் ஓர் ஆபத்து உண்டு. மேகம் இறங்கினால் அந்தத் திறந்தவெளியில் திசையே தெரியாது. ஆகவே உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. கோடை வந்துவிட்டது என்று இமயமலையில் அசட்டையாக இருக்க முடியாது. 2024 ஜூன் தொடக்கத்தில், இதே உத்தரகாசிப் பகுதியில், இவற்றைவிட உயரமான சகஸ்த்ர தால் பாதையில், கர்நாடகத்திலிருந்து சென்ற குழுவினரில் 9 பேர் பனிப்புயலில் சிக்கி உயிரிழந்தார்கள்.

உயரத்தால் வரும் தலைவலியும் குமட்டலும் இரண்டு இடங்களுக்கும் பொது. வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 அடிதான். வள்ளிமலைப் படிகளில் பையோடு ஏறிப் பழகினால் கால்கள் வலுப்படும், ஆனால் மெல்லிய காற்றுக்கு உடல் பழகாது. அதற்கு அடிவார ஊரில் ஓர் இரவு கூடுதலாகத் தங்குவதே வழி. வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் முள் பட்டையான மைக்ரோஸ்பைக்கை வாடகைக்கு எடுக்கும்போது ரப்பர் பட்டை தளர்ந்திருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் சில மணி நேரத்திலேயே கண்ணைப் புண்ணாக்கும் என்பதால், பெரியவர்களுக்கு வாங்கும் கறுப்புக் கண்ணாடியைப் பிள்ளைகளுக்கும் அவரவர் முகத்துக்குப் பொருந்தும் அளவில் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.