எழுந்து நிற்காத கன்றுக்குப் பால்: பாட்டிலா, குழாயா, கிண்ணமா?

போன ஐப்பசியில் விடாமல் மழை கொட்டிய ஒரு ராத்திரி, மாதவரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் ஜெர்சி கலப்புப் பசு நாள் முந்தியே கன்று போட்டது. கிடேரி. தூக்கிக்கொண்டு எடை மிஷின்மேல் ஏறிப் பார்த்தேன், என் எடையைக் கழித்தால் 18 கிலோதான் வந்தது. முன்னங்கால் இரண்டும் கணுவில் மடங்கியே இருந்ததால் எழ முடியவில்லை, வாயில் விரலை விட்டால் சப்பவும் இல்லை, நாக்கே சில்லென்று இருந்தது. அந்தக் கன்றுக்குப் பல விதமாகவும் பால் கொடுத்துப் பார்த்தாயிற்று. கன்று வைத்திருப்பவர்கள் கேட்டால் நான் பாட்டில் என்றுதான் சொல்வேன், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது.

முதலில், தாய் மடி. எழுந்து நின்று குடிக்கிற கன்றுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், கழுவ வேண்டியது காம்பு மட்டும்தான். நிற்க முடியாத கன்றைத் தூக்கிப் பிடித்து மடியில் வைத்துப் பார்த்தோம். பசு உதைத்தது, கன்று தலையைத் தொங்கப்போட்டது, அவ்வளவுதான்.

அடுத்தது மூங்கில் குழாயில் ஊற்றுவது. என் மாமியார் நாற்பது வருஷமாக மாடு வைத்திருப்பவர், “வாயைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமா ஊத்தும்மா, பாவம், பசியில கெடக்குது” என்றார். அத்தையின் அனுபவத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் சப்பத் தெரியாத கன்றுக்கு விழுங்கவும் வலு இருக்காது, ஊற்றுகிற பால் புரையேறி நுரையீரலுக்குப் போனால் நிமோனியாவில்தான் முடியும். இரண்டு வாய் ஊற்றியதும் கன்று இருமியது, நிறுத்திவிட்டேன். இதை யாரும் செய்யாதீர்கள்.

சீம்பாலுக்கு நேரக் கணக்கு உண்டு. கன்று பிறக்கும்போது அதன் ரத்தத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய இல்லை, சீம்பாலிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை அப்படியே உறிஞ்சுகிற தன்மை குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் நின்றே போகும். அதனால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது எங்கள் கன்றுக்கு 1.8 லிட்டர், சீக்கிரம் உள்ளே போயாக வேண்டும். இந்த இடத்தில்தான் குழாய் காப்பாற்றியது, மூங்கில் குழாய் இல்லை, டாக்டர் வாய் வழியாக உள்ளே இறக்குகிற குழாய்.

டாக்டரம்மா வந்து காய்ச்சல் பார்த்தபோது 98 டிகிரி. கன்றுக்கு 101-லிருந்து 102.5 வரை இருக்க வேண்டும். “முதல்ல சூடு பண்ணுங்க, அப்புறம்தான் பால்” என்றார். கோணிப்பையில் சுற்றி, ஹேர் டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் காட்டி, மேலே 60 வாட் பல்பைத் தொங்கவிட்டோம். 100-ஐத் தாண்டிய பிறகு மூக்கு நுனியிலிருந்து முழங்கை வரை குழாயை அளந்து குறி போட்டுக்கொண்டு வாய் வழியாக இறக்கினார். கழுத்தைத் தடவி, மூச்சுக்குழாய் தனியாகவும் உள்ளே போன குழாய் தனியாகவும் கைக்குத் தட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் கறந்து வைத்திருந்த சீம்பாலை ஊற்றினார். ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு முறை.

குழாயை நான் பார்த்தது இந்த இரண்டு தடவைதான், என் கையால் இறக்கியதில்லை, அதனால் அதைப் பற்றி நிறைய சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தினமும் இதிலேயே கொடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கன்று சப்பும்போது உள்ளே ஒரு மடிப்பு மூடிக்கொண்டு பாலை நேராக நாலாவது வயிற்றுக்கு அனுப்பும், குழாயில் ஊற்றினால் சப்பல் இல்லாததால் பால் முதல் வயிற்றில் போய் விழும். சீம்பால் அங்கிருந்து கொஞ்ச நேரத்தில் கீழே இறங்கிவிடும், ஆனால் நாள் கணக்கில் ஊற்றினால் பால் அங்கேயே தங்கிப் புளித்துப்போகும்.

மறுநாள் காலை விரலைச் சப்பியது, அன்றைக்கே பாட்டிலுக்கு மாறினோம். ஒரு வேளைக்கு 450 மில்லி, நாலு வேளை. கன்றை நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைத்து, தாய் மடியில் குடிக்கும்போது கழுத்து எவ்வளவு நீளுமோ அந்த அளவுக்குத்தான் தலையைத் தூக்க வேண்டும், அண்ணாந்து பார்க்கிற மாதிரி தூக்கினால் புரையேறும். சீக்கிரம் குடிக்கட்டும் என்று நிப்பிள் ஓட்டையை பிளேடால் பெரிதாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தால் பால் சொட்ட வேண்டும், ஒழுகக் கூடாது. மெதுவாகச் சப்பிக் குடிப்பதால் எச்சிலும் நன்றாக ஊறுகிறது, எவ்வளவு குடித்தது என்ற கணக்கும் கையில் இருக்கிறது. சீக்கான கன்றுக்கு அந்தக் கணக்கு முக்கியம்.

சரி, நிபந்தனைக்கு வருகிறேன். கழுவுவது.

ஐந்தாம் நாள் கன்றுக்குக் கழிச்சல். மஞ்சளாக, தண்ணீராக, வால் முழுக்க ஈரம். டாக்டரம்மா வந்ததும் கன்றைப் பார்ப்பதற்கு முன்னால் பாட்டிலைக் கேட்டார். நிப்பிளைக் கழற்றி, கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி என் உள்ளங்கையில் வைத்தார். வெளியே பளிச்சென்று இருந்த ரப்பருக்குள்ளே, கழுத்து மடிப்பில், நகத்தால் சுரண்டினால் உரிந்து வருகிற மாதிரி வெளிர் மஞ்சளில் ஒரு ஏடு. புளித்த வாடை. “இதைத்தாம்மா நாலு வேளையும் பாலோட குடிச்சிருக்கு” என்றார். கழிச்சலுக்குக் காரணங்கள் பல, இது ஒன்றுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்குப் பிறகு நான் கழுவுகிற விதமே மாறிப்போனது.

அதுவரை கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் குலுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. கொதிநீர் பட்டதும் பாலில் இருக்கிற புரதம் வெந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் பால் போகிறவரை அலச வேண்டும், அப்புறம் நல்ல சூட்டில் சோப்புப் போட்டு பிரஷ், நிப்பிளை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி புரட்டித் தேய்ப்பது, கடைசியில் தலைகீழாகக் காயவைப்பது. எங்கள் பக்கம் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அதனால் இதற்கு மட்டும் குடிக்கிற தண்ணீரையே எடுத்தேன். மழைக்காலத்தில் சென்னையில் எதுவுமே காயாது, கொட்டகையில் கவிழ்த்து வைத்தால் அடுத்த வேளைக்கும் ஈரமாகவே இருக்கும். இரண்டு பாட்டில், மூன்று நிப்பிள் வாங்கி, அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி, ஒன்று காயும்போது இன்னொன்று என்று சுற்றில் விட்டேன். வேளைக்குப் பத்து நிமிஷம், அதுவும் ராத்திரி பதினொரு மணிக்கும் சேர்த்து. இதைச் செய்ய வீட்டில் ஆள் இல்லை என்றால் பாட்டில் வாங்காதீர்கள்.

கழிச்சல் சமயத்தில் பாலை நிறுத்தச் சொல்லிப் பலரும் சொல்வார்கள். நாங்கள் நிறுத்தவில்லை, பால் வழக்கம்போல, நடுவே தனியாக உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிகிறதா, கண் குழிவிழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். மூன்று நாளில் சாணம் கெட்டியானது.

கிண்ணம்தான் கழுவ எளிது, அதை ஒப்புக்கொள்கிறேன். அகல வாய் எவர்சில்வர் கிண்ணத்தில் ஒளிந்துகொள்ள மூலையே இல்லை. ஆனால் விரலைக் கொடுத்துப் பழக்க வேண்டும், குனிந்து மடமடவென்று உறிஞ்சும். கால் தள்ளாடுகிற கன்றுக்கு அது சரிப்படவில்லை, இருமல்தான் வந்தது. பஞ்சு சுற்றி, பாதியாகப் பிளந்த பிவிசி பைப் வைத்துக் கட்டிய கால்கள் நிமிர்ந்து, தானாக ஓட ஆரம்பித்த பிறகு மூன்றாவது வாரத்தில்தான் கிண்ணத்துக்கு மாற்றினேன். நல்ல திடமான கன்று என்றால் முதல் வாரமே கிண்ணத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் எனக்குப் பழக்கம் போதாது.

இன்னொன்று. தொப்புள் வீங்கிச் சூடாக இருந்தாலோ, மூட்டு வீங்கினாலோ, சப்புவதையே விட்டுவிட்டாலோ எதில் பால் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு போன் போடுங்கள், இல்லாவிட்டால் குட்டி யானையில் ஏற்றி வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள். பிறந்ததும் தொப்புள் கொடிக்கு டிங்சர் அயோடின் வைத்திருந்தோம், அந்த வகையில் எங்களுக்குத் தொந்தரவு வரவில்லை.

அடுத்த பசு மாசியில் கன்று போடும். பாட்டில் இரண்டும் அப்படியே இருக்கிறது. ரப்பர் வெடித்துவிட்டதால் நிப்பிள் மட்டும் புதிதாக மூன்று வாங்க வேண்டும்.