பழைய வெள்ளி ரூபா விக்கப் போறீங்களா? வருஷம் பாக்காம தராசுல ஏத்த விடாதீங்க

வீட்ல பாட்டி காலத்து ராணி காசு, ராஜா காசு வெச்சிருக்கவங்க தயவுசெஞ்சு இத முழுசா படிங்க, எங்க அம்மாவுக்கு நடந்தது உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு நடக்கக் கூடாது.

அவசர செலவுக்கு அம்மா 22 வெள்ளி ரூபாய எடுத்துட்டு பஜார்ல ஒரு நகைக்கடைக்கு தனியா போயிருக்காங்க. கடைக்காரர் ஒரு காசக் கூட திருப்பிப் பாக்கல, மொத்தத்தையும் ஒரே தட்டுல கொட்டி எடை போட்டுட்டு "வெள்ளைக்காரன் காசு எல்லாம் பாதி செம்புதான் மா"ன்னு சொல்லி எல்லாத்துக்கும் 50% கணக்குல, அதுலயும் உருக்கு கழிவுன்னு ஒரு பிடித்தம் போட்டு பணம் குடுத்திருக்கார். துண்டு சீட்டுல "பழைய காசு 50%"னு ஒரே வரி, அவ்ளோதான்.

அவர் சொன்னது பாதி உண்மை, அதனாலதான் அம்மாவும் நம்பிட்டாங்க. 1940-ல உலகப்போர் நேரத்துல வெள்ளி தட்டுப்பாடு, ஜனங்க காச பதுக்க ஆரம்பிச்சதும் அரசாங்கம் ரூபாயில வெள்ளிய 50 சதவீதமா குறைச்சுட்டு 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம்னு கலந்து அடிச்சாங்க, அது 1945 வரைக்கும் ஓடுச்சு, 1947-ல வந்த ரூபாயில வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல், காந்தம் வெச்சா ஒட்டும். ஆனா அதுக்கு முன்னாடி வந்த விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ரூபா எல்லாமே 91.7% வெள்ளி. ஆறாம் ஜார்ஜ்லயே 1938-னு போட்டது நல்ல வெள்ளிதான். நல்லது கெட்டது ரெண்டுமே அதே 11.66 கிராம், அதே சைஸ், தராசுக்கு வித்தியாசம் தெரியாது. ஒன்னுல சுமார் 10.7 கிராம் வெள்ளி, இன்னொன்னுல வெறும் 5.8.

அந்தக் காசு எல்லாத்தையும் நான் முன்னாடியே ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வெச்சிருந்தேன். பாத்தா 5 காசு மட்டும்தான் 1944, 1945. மீதி 17-ம் பழசு. அதாவது 80 கிராமுக்கு மேல சுத்த வெள்ளி கணக்குலயே வரல! இதுல ஒன்னு 1911 ரூபா வேற, ராஜா அங்கியில இருக்கற யானை பன்னி மாதிரி தெரியுதுன்னு எதிர்ப்பு வந்து அடுத்த வருஷமே டிசைன மாத்துனாங்களே, அந்தக் காசு. சேகரிக்கறவங்க அத வெள்ளி விலைக்கு மேலயே குடுத்து வாங்குவாங்க. அது போனதுதான் எனக்கு இன்னும் ஆறல.

போய் கேட்டா "அன்னைக்கே பட்டறைக்குப் போய் உருக்கியாச்சு"ங்கறாங்க. சீட்டுல வருஷமும் இல்ல எந்த ராஜா காசுன்னும் இல்ல, அதான் அவங்களுக்கு அவ்ளோ தைரியம். வயசான ஒரு பொம்பள தனியா வந்தா என்ன வேணா சொல்லலாம்னு நினைக்கறது எவ்ளோ பெரிய அநியாயம்.

விக்கறதா இருந்தா மொதல்ல வீட்லயே வருஷம் பாத்து பிரிச்சு தனித்தனி பொட்டலமா கட்டிட்டுப் போங்க. வருஷம் தேஞ்சு போயிருந்தா விளிம்பப் பாருங்க, 1940-ல இருந்து வந்த பாதி வெள்ளி காசுல வரிவரியா இருக்கற விளிம்புக்கு நடுவுல ஒரு பள்ளம் சுத்தி ஓடும், பழசுல அது இருக்காது. கடையில ஒவ்வொரு பொட்டலத்துலயும் ஒரு காச உங்க கண்ணு முன்னாடி வெள்ளி எவ்ளோன்னு காட்டற மெஷின்ல டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, முடியாதுன்னா உங்க காச திருப்பி வாங்கிட்டு வெளிய வந்துடுங்க. பில்லுல வருஷத்தோட எழுதித் தரச் சொல்லுங்க.

போட்டோவும் சீட்டும் வெச்சு நுகர்வோர் கோர்ட்ல புகார் குடுக்கப் போறோம். இந்த மாதிரி கேஸ் நடத்துனவங்க யாராவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, காசு உருக்கிட்டாங்கன்னா போட்டோவ சாட்சியா எடுத்துக்குவாங்களான்னு தெரியணும்.