பிரெஸ்ட்விக்: கண்ணுக்குத் தெரியாத கொடியை நோக்கி

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ சென்ட்ரல் நிலையத்தில் ஏர் நகருக்குச் செல்லும் ரயிலில் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் பிரெஸ்ட்விக் டவுன் நிலையத்தில் இறங்கிவிடலாம். கோல்ஃப் கிளப் அதற்குத் தொலைவில் இல்லை. நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. முதல் குழிக்கு, அதாவது ஆட்டத்தின் முதல் கட்டத்துக்கு, ‘ரயில்வே’ என்றே பெயர். வலப்புறம் முழுவதும் கற்சுவர், சுவருக்கு அப்பால் தண்டவாளம். பந்து சற்றே வலப்பக்கம் விலகினாலும் சுவரைத் தாண்டிப் போய்விடும் என்பதால், நான் பெரிய மட்டையைப் பையிலேயே விட்டுவிட்டு இரும்பு மட்டையை எடுத்தேன். முதன்முறை வருபவர்களுக்கும் அதையே சொல்வேன்.

கோல்ஃபின் மிகப் பழைய பெரும் போட்டியான ஓப்பன் சாம்பியன்ஷிப் பிறந்த இடம் இது. 1851-இல் கிளப் தொடங்கியபோது, செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து வந்த டாம் மாரிஸ் மணற்குன்றுகளுக்கு நடுவே 12 குழிகள் கொண்ட திடலை அமைத்தார். 1860 அக்டோபர் 17 அன்று எட்டே எட்டுப் பேர் அந்தத் திடலை மூன்று முறை சுற்றி ஆடினார்கள். மஸ்ஸல்பராவிலிருந்து வந்த வில்லி பார்க் 174 வீச்சுகளில் முடித்து, திடலை அமைத்த மாரிஸையே இரண்டு வீச்சு வித்தியாசத்தில் வென்றார். பரிசு, பணமன்று, வெள்ளிக் கொக்கி வைத்த சிவப்புத் தோல் இடுப்புப் பட்டை. மாரிஸின் மகன் இளைய டாம் 1868, 1869, 1870 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்று அதைத் தனக்கே உரிமையாக்கிக்கொண்டார். கொடுக்கப் பரிசு இல்லாத நிலையில் 1871-இல் போட்டியே நடக்கவில்லை.

அந்த 12 குழித் திடலின் முதல் ஆட்டம் தொடங்கிய இடத்தை ஒரு சிறு நினைவுக் கல் காட்டுகிறது. அதன் அருகே நின்று பார்த்தவர்கள் யாரும் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். அங்கிருந்து குழி 578 கெஜம் தள்ளி இருந்தது. 1870-இல் இளைய டாம் அதை மூன்றே வீச்சுகளில் முடித்தார். அக்காலத்து மரப்பிடி மட்டையையும் கட்டாப்பெர்ச்சா என்னும் மரப்பாலில் செய்த பந்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு அந்தத் தூரத்தைப் பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும்.

இன்று 18 குழிகளாக விரிந்துள்ள இத்திடலைப் பற்றிப் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: அடிக்கும் இடத்திலிருந்து இலக்கு தெரிவதில்லை. அது உண்மைதான். ஆனால் அதைக் குறையென்று என்னால் ஏற்க முடியவில்லை. கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையே காற்று குவித்துவைத்த மணலும், அதன்மேல் படர்ந்த குட்டையான புல்லும்தான் லிங்க்ஸ் நிலம். மண்ணை அள்ளிப்போட்டுச் சமன்செய்யும் இயந்திரங்கள் இல்லாத காலத்தில், குன்று எங்கே இருந்ததோ அதைத் தாண்டி அடிப்பதே ஆட்டமாக இருந்தது. பிரெஸ்ட்விக் அந்த ஆட்டத்தைக் கைவிடாமல் வைத்திருக்கிறது.

ஐந்தாவது குழியான ‘இமாலயா’வில் இது நன்றாகப் புரிந்தது. சுமார் 200 கெஜம், பார் மூன்று, அதாவது மூன்று வீச்சுகளில் முடிக்க வேண்டிய குழி. எதிரே பெரிய மணற்குன்று. குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையான கிரீனோ, குழியைக் காட்டும் கொடியோ ஒன்றும் தெரியாது. குன்றின் நெற்றியில் சில வண்ண வட்டங்கள் மட்டும் இருக்கின்றன. நாம் முதல் வீச்சை அடிக்க நிற்கும் இடமான டீயின் வண்ணம் எதுவோ அந்த வட்டத்தைக் குறிவைக்க வேண்டும். என் பையைச் சுமந்து வந்த உள்ளூர்ப் பெரியவர், “வட்டத்தை மட்டும் பாருங்கள், குன்றைப் பார்க்காதீர்கள்” என்றார். அடித்தேன். பந்து வட்டத்துக்கு மேலே பறந்து மறைந்தது. குன்றைச் சுற்றி நடந்து மறுபுறம் போகும் அந்தச் சில நிமிடங்களில் இருந்த ஆவல், எல்லாம் கண்ணெதிரே விரிந்துகிடக்கும் திடல்களில் எனக்குக் கிடைத்ததில்லை. பந்து கிரீனின் இடது ஓரத்தில் கிடந்தது. ஆடி முடித்ததும், பின்னால் காத்திருப்பவர்களுக்குத் தெரியும்படி அங்குள்ள மணியை அடித்துவிட்டு நகர வேண்டும். நான் ஒருமுறை அடித்தால் போதுமென்று இருந்தேன். காற்று எதிர்த்திசையில் வீசுகிறது, இன்னும் பலமாக அடியுங்கள் என்று பெரியவர் சொன்னார்.

மூன்றாவது குழியின் ‘கார்டினல்’ பங்கரையும் சொல்லாமல் விட முடியாது. டீக்கும் கிரீனுக்கும் இடையிலான புல்வெளியான ஃபேர்வேயின் குறுக்கே ஆழமாக இறங்கும் அந்த மணற்பள்ளத்தின் சுவர், பழைய ரயில்பாதைக் கட்டைகளை அடுக்கிக் கட்டியது. உள்ளே இறங்கி நின்றால் கட்டைகளும் வானமும் மட்டுமே தெரிகின்றன. அதிலிருந்து நேராக முன்னே அடிக்க முயன்று இரண்டு வீச்சுகளை வீணாக்கிய பிறகே, பக்கவாட்டில் அடித்து வெளியேறுவதுதான் வழி என்று எனக்குப் புரிந்தது.

இங்கு 24 முறை ஓப்பன் நடந்திருக்கிறது. இதைவிட அதிகம் நடந்த இடம் செயின்ட் ஆண்ட்ரூஸ் மட்டுமே. கடைசியாக நடந்தது 1925-இல். மூன்று சுற்று முடிவில் ஐந்து வீச்சுகள் முன்னிலையில் இருந்த மக்டொனால்ட் ஸ்மித், திடலை நிறைத்த கூட்டத்தின் நெருக்கடிக்கு நடுவே கடைசிச் சுற்றில் 82 வீச்சுகள் எடுத்துத் தோற்றார். அத்தனை பேரைத் தாங்க இந்த இடத்தால் முடியாது என்பது அன்று தெளிவானது. திடலின் நெருக்கத்தை நடந்து பார்த்தவன் என்ற முறையில், அதன்பின் ஓப்பன் இங்கே நடக்காததில் எனக்கு வருத்தமில்லை.

வெளியாட்கள் முன்பதிவு செய்துகொண்டு ஆடலாம். கட்டணம் அதிகம்தான், ஆனாலும் திடலை அறிந்த ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளும் செலவை மிச்சப்படுத்த வேண்டாம். காற்றைத் தடுக்கும் மேலாடை கோடையிலும் தேவைப்படும். உயரமான இடங்களில் நின்றால் கடலுக்கு அப்பால் ஆரன் தீவின் மலைகள் தெரியும். சற்று நின்று பாருங்கள், பின்னால் வருபவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

பதினேழாவது குழி ‘ஆல்ப்ஸ்’. 1860-இல் ஆடிய அந்த 12 குழிகளில் இது இரண்டாவதாக இருந்தது. இரண்டாவது வீச்சைக் குன்றுக்கு மேலே அனுப்ப வேண்டும். மறுபுறம் கிரீனுக்கு முன்னால் ‘சஹாரா’ என்னும் பெரிய மணற்பள்ளம் காத்திருக்கிறது. நான் முதலில் குன்றின்மேல் ஏறி, கொடி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, இறங்கி வந்து அடித்தேன். மீண்டும் ஏறிப் பார்த்தபோது பந்து சஹாராவில்தான் கிடந்தது.